அதிர்வுப் பகுப்பாய்வி வாங்கவிருக்கும் கொள்முதல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலைகளின் கொள்முதல் குழுவிலும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவிலும் பொறுப்பு வகிக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளந்து, அவற்றில் உருவாகிவரும் பழுதை முன்கூட்டியே சொல்லும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கையில் எடுத்துச் செல்லக்கூடிய அதிர்வுப் பகுப்பாய்வி ஒன்றை வாங்குவதென்று நிர்வாகம் முடிவு செய்தவுடன், அதற்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பை எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்து சேர்கிறது. அந்த விவரக்குறிப்பை உங்கள் ஆலையின் இயந்திரப் பட்டியலிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இன்று பெரும்பாலும் நடப்பது வேறு. ஏதேனும் ஒரு நிறுவனத்தின் விளம்பர ஏட்டில் உள்ள எண்கள் அப்படியே டெண்டரில் ஏறுகின்றன. போட்டி இருக்க வேண்டுமே என்பதற்காக நான்கைந்து வரிகள் தளர்த்தப்படுகின்றன. தளர்த்தப்பட்ட வரிகள்தாம் வேலைக்குத் தேவையான வரிகள் என்பது கருவி வந்து சேர்ந்த பிறகே தெரிகிறது. 24 பிட், 12,800 கோடுகள், 40 கிலோஹெர்ட்ஸ் என்று அடுக்கப்பட்ட எண்களில் எது தங்கள் பம்புக்கும் ஃபேனுக்கும் கியர்பாக்ஸுக்கும் பயன்படும் என்று கேட்டால் விவரக்குறிப்பை எழுதியவராலேயே பதில் சொல்ல முடிவதில்லை.

முதலில், பகுப்பாய்விதான் வேண்டுமா என்ற கேள்வியைத் தயங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்த அதிர்வின் அளவை ஒரே எண்ணாகக் காட்டும் சிறிய மீட்டர்கள் இருக்கின்றன. 15 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தொழிலக இயந்திரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10816-3 தரநிலையும், 2022இல் அதன் இடத்துக்கு வந்த 20816-3 தரநிலையும், இயந்திரத்தின் நிலையை ஏ, பி, சி, டி என்ற நான்கு மண்டலங்களாகப் பிரிக்கின்றன. பொதுவாக 10 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வின் திசைவேகத்தை ஆர்.எம்.எஸ். மதிப்பில் (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) அளந்து ஒப்பிட வேண்டும். சுழற்சி 600 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் அளவீடு 2 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்க வேண்டும். உறுதியான அடித்தளத்தில் நிற்கும் நடுத்தர இயந்திரத்துக்கு, அதாவது 300 கிலோவாட் வரையிலானதற்கு, 10816-3இல் எல்லைகள் வினாடிக்கு 1.4, 2.8, 4.5 மில்லிமீட்டர். இந்த ஒப்பீட்டோடு வேலை முடிந்துவிடும் ஆலைக்கு நல்ல மீட்டர் போதும். பகுப்பாய்வி வாங்கிப் பூட்டி வைப்பது வீண்.

ஆனால் மீட்டர் காட்டும் எண், இயந்திரம் நலமா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதைவிட முக்கியமான குறை, பேரிங் பழுதின் தொடக்க நிலையில் அந்த எண் அசைவதே இல்லை என்பது. பேரிங்கின் வெளி வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு விரிசல் விழுந்தால், உருளை அதன் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய மோதல் ஒன்று நிகழ்கிறது. அதன் ஆற்றல் பல கிலோஹெர்ட்ஸ் பகுதியில் சிதறிக் கிடக்கிறது. திசைவேக எண்ணில் அது கலந்து மறைந்துபோகிறது. திசைவேகம் ஏறத் தொடங்கும்போது பேரிங் கடைசிக் கட்டத்தை நெருங்கியிருக்கும். பழுதைப் பல வாரங்களுக்கு முன்பே அறிந்து, உதிரிபாகத்தை வரவழைத்து, ஷட்டவுன் நாளில் மாற்றுவதுதான் நோக்கம் என்றால் பகுப்பாய்வி தேவை. அதிலும் என்வலப் முறை எனப்படும் உயர் அதிர்வெண் மோதல் பகுப்பாய்வு உள்ள கருவி தேவை. நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயரும் கணக்கிடும் விதமும் மாறுபடும். ஆகவே பெயரைக் குறிப்பிட்டு டெண்டர் எழுதாமல், செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள்: வடிகட்டியின் எல்லைகளைப் பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்க முடிய வேண்டும், மோதல் சமிக்ஞையின் ஸ்பெக்ட்ரமும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடம்) நேர அலைவடிவமும் (நேரத்தோடு சமிக்ஞை மாறும் விதம்) இரண்டுமே சேமிக்கப்பட வேண்டும். ஒரு நிறுவனத்தின் என்வலப் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். கருவியை மாற்றினால் போக்கு வரைபடம் புதிதாகத்தான் தொடங்கும்.

இயந்திரப் பட்டியலிலிருந்து தொடங்குவது என்றால் என்னவென்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் இருதுருவ மோட்டார் ஒன்று 2,970 ஆர்.பி.எம்.மில் சுழல்கிறது என்று கொள்வோம். அதன் சுழற்சி அதிர்வெண் 49.5 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 99 ஹெர்ட்ஸ். அலைன்மென்ட், அதாவது மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பது, சரியில்லாவிட்டால் இந்த 99இல் உச்சம் எழும். ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் இடையேயான காற்று இடைவெளி சீராக இல்லாவிட்டாலோ, மோட்டாரின் பாதம் அடித்தளத்தில் சமமாகப் பதியாமல் சட்டகம் முறுக்கிக்கொண்டாலோ, மின் அதிர்வெண்ணின் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் எழும். முதலாவதற்கு அலைன்மென்ட் குழுவை அழைக்க வேண்டும். இரண்டாவதற்கு மோட்டாரைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே இருப்பதோ ஒரே ஒரு ஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரத்தை எத்தனை சம பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதே கோடுகளின் எண்ணிக்கை. 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஸ்பெக்ட்ரத்தை 800 கோடுகளில் எடுத்தால் ஒரு கோட்டின் அகலமே 1.25 ஹெர்ட்ஸ், இரண்டு உச்சங்களும் ஒன்றாகத்தான் தெரியும். 3,200 கோடுகளில் எடுத்தால் அகலம் 0.3125 ஹெர்ட்ஸ். பதிவின் இரு ஓரங்களையும் மென்மையாக்கும் ஹானிங் சாளரம் என்ற கணக்கு உச்சத்தை ஒன்றரை மடங்கு விரிக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்தாலும், பிரித்தறியத் தேவையான இடைவெளி அந்த விரிந்த அகலத்தின் இரு மடங்கான 0.94 ஹெர்ட்ஸ்தான், பிரிந்து தெரியும். இதே மோட்டாரின் ரோட்டர் பார் முறிந்தால் சுழற்சி அதிர்வெண்ணின் இருபுறமும் தோன்றும் சிறு உச்சங்களான பக்கப்பட்டைகளும் ஒரு ஹெர்ட்ஸ் தொலைவிலேயே நிற்கும். ஆக, இருதுருவ மோட்டார் உள்ள ஆலைக்கு 3,200 கோடுகள் என்பது அலங்காரம் இல்லை, அடிப்படைத் தேவை. மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தால் மின் பழுதின் உச்சம் அக்கணமே மறைந்துவிடுமே, அதற்குக் கருவி எதற்கு என்று கேட்கும் அனுபவசாலிகள் உண்டு. உண்மைதான்; ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பை உங்கள் ஐயத்துக்காக நிறுத்திக் காட்டும் உற்பத்திப் பிரிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோடுகள் கூடினால் நேரமும் கூடும் என்பதை விளம்பர ஏடுகள் சொல்வதில்லை. கோடுகளின் எண்ணிக்கையை மேல் அதிர்வெண்ணால் வகுத்தால் ஒரு பதிவுக்கான நேரம் வரும். மேற்சொன்ன அமைப்பில் அது 3.2 வினாடி, நான்கு பதிவுகளின் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 13 வினாடி, பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அமைத்தால் சற்றுக் குறையும். ஓர் இயந்திரத்தில் பன்னிரண்டு அளவீடுகள், ஒரு சுற்றில் எண்பது இயந்திரங்கள் என்று பெருக்கிப் பாருங்கள். அலைவடிவத்தை ஸ்பெக்ட்ரமாக மாற்றும் எல்லா எஃப்.எஃப்.டி. கருவிகளுக்கும் இந்த இயற்பியல் பொதுவானது. யாரும் இதைக் குறைத்துக்கொடுக்க முடியாது. மூன்று திசைகளையும் ஒரே நேரத்தில் அளக்கும் முவ்வச்சு சென்சாரும் அதற்கேற்ற சேனல்களும் (ஒரே நேரத்தில் சமிக்ஞை வாங்கும் உள்ளீடுகள்) இருந்தால் நேரம் உண்மையாகவே மிச்சமாகும்.

கியர்பாக்ஸுக்கு வேறு கணக்கு. 1,480 ஆர்.பி.எம்.மில் சுழலும் 31 பல் பினியனின் (சிறிய பல்சக்கரம்) பல்லிணைவு அதிர்வெண், அதாவது வினாடிக்கு எத்தனை பற்கள் இணைகின்றன என்பது, ஏறத்தாழ 765 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாம் மடங்கையும் அதைச் சுற்றியுள்ள பக்கப்பட்டைகளையும் காண 2,500 ஹெர்ட்ஸ் வரையாவது போக வேண்டும். வேகம் கூடிய இணைகளில் இது 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். ஒரு பல் மட்டும் உடைந்திருந்தால் ஸ்பெக்ட்ரத்தில் அது தெளிவாகத் தெரியாமலும் போகலாம்; ஒரு சுற்றுக்கு ஒருமுறை எழும் கூரிய குத்தாக நேர அலைவடிவத்தில் தெரியும். எனவே அலைவடிவத்தைப் போதிய நீளத்துக்குப் பதிவு செய்து வைக்கும் வசதியை விவரக்குறிப்பில் தனி வரியாகவே எழுதுங்கள். பட்டியலில் உள்ள மிக உயர்ந்த பல்லிணைவு அதிர்வெண்ணையும், மிகக் குறைந்த சுழற்சி வேகத்தையும், அருகருகே விழும் இரண்டு அதிர்வெண்களின் இடைவெளியையும் எழுதிவிட்டால், கருவியின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் கோடுகளும் தாமாகவே கிடைத்துவிடும்.

அந்தக் கீழ் எல்லையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றம் மிகுதியாக நேர்வது அங்கேதான். 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 1 மில்லிமீட்டர் திசைவேகத்தில் அதிரும் ஒரு பொருளின் முடுக்கம் ஏறத்தாழ 0.032 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), ஒரு ஜி-க்கு 100 மில்லிவோல்ட் தரும் வழக்கமான சென்சாரில் அது 3.2 மில்லிவோல்ட். அதே 1 மில்லிமீட்டர் திசைவேகம் 30 ஆர்.பி.எம்.மில், அதாவது 0.5 ஹெர்ட்ஸில் வந்தால் சென்சார் தருவது 0.032 மில்லிவோல்ட் மட்டுமே. சமிக்ஞை நூறில் ஒரு பங்காகிவிட்டது. மின்னணுச் சுற்றின் இரைச்சல் குறையவில்லை. முடுக்கத்தைத் திசைவேகமாக மாற்றும் கணக்கு, குறைந்த அதிர்வெண்ணில் உள்ள இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது; திரையின் இடது ஓரத்தில் மலைச்சரிவு போல ஒரு போலி வளைவு நிற்கும். "0.5 ஹெர்ட்ஸிலிருந்து அளக்கும்" என்று கருவியின் ஏட்டில் இருப்பது பொய்யில்லை. ஆனால் அதனுடன் வரும் சென்சார் 2 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும் என்றால் அந்த வரியால் பயனில்லை. சூளையும் பெரிய கன்வேயர் டிரம்மும் மெதுவாகச் சுழலும் கலக்கியும் உள்ள ஆலை, ஒரு ஜி-க்கு 500 மில்லிவோல்ட் தரும் குறைவேகச் சென்சார் ஒன்றையும் அதற்கேற்ற கேபிளையும் அதே டெண்டரில் கேட்க வேண்டும். 24 பிட் என்ற எண் கோட்பாட்டளவில் 144 டெசிபெல் வீச்சை, அதாவது அளக்கக்கூடிய மிகப் பெரிய சமிக்ஞைக்கும் மிகச் சிறிய சமிக்ஞைக்கும் உள்ள விகிதத்தை, குறிக்கிறது. எந்தக் கருவியும் நடைமுறையில் அவ்வளவு தருவதில்லை. உண்மையில் கிடைக்கும் வீச்சு எவ்வளவு, எந்த அதிர்வெண் பட்டையில் என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

சென்சாரைப் பற்றிப் பேச வந்ததால் அதைப் பொருத்தும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். என் கணிப்பில், கருவியின் தரத்தைவிட இது முடிவை அதிகமாக மாற்றுகிறது. நீண்ட உலோக முனையைக் கையால் அழுத்திப் பிடித்து எடுக்கும் அளவீட்டை ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப முடியாது. வளைந்த பரப்பில் ஒட்டும் இருதுருவ மேக்னெட் சுமார் 2,000 ஹெர்ட்ஸ் வரை கைகொடுக்கும். இழைத்துச் சமப்படுத்திய பரப்பில் தட்டை மேக்னெட் வைத்தால் அதற்கும் மேலே போகலாம். இயந்திரத்தில் துளையிட்டு ஸ்டட் எனப்படும் திருகாணி போட்டுத் திருகினால் 10 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் கிடைக்கும். இந்த எண்களைப் பார்த்த பிறகு, 40 கிலோஹெர்ட்ஸ் கருவியை வாங்கி, மூன்று பூச்சு பெயின்ட் ஏறிய மோட்டார் உறையின் குளிர்விப்பு விளிம்புக்கு மேல் மேக்னெட்டை வைத்து அளப்பதில் என்ன பொருள் இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்யலாம். பேரிங் இருக்கும் இடத்துக்கு நேரே பெயின்டைச் சுரண்டி, ஒரு சிறிய எஃகு வட்டத்தைப் பசையால் ஒட்டி, இனி எவர் வந்தாலும் அந்த ஓர் இடத்தில்தான் அளப்பார் என்று உறுதி செய்வது மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை. அந்த வட்டங்களையும் பசையையும் டெண்டரின் உபபொருள் பட்டியலில் சேருங்கள். கருவி வந்த பிறகு தனியாகக் கேட்டால், "இது என்ன, வில்லை?" என்று கேட்டே கோப்பு திரும்பி வரும்.

கேபிளும் அப்படித்தான். பகுப்பாய்வியின் உறுப்புகளில் முதலில் உயிரை விடுவது கேபிள். அதிலும் இணைப்பானுக்கு அருகில் தினமும் வளையும் அந்த விரற்கடை நீளம். மாற்றுக் கேபிள்கள் கேட்பதோடு, சென்சாரின் பயஸ் மின்னழுத்தத்தை (சென்சார் இயங்கும்போது அதில் நிற்கும் நிலையான மின்னழுத்தம்) காட்டி எச்சரிக்கும் வசதியையும் கேளுங்கள். சீரான சென்சாரில் அது பெரும்பாலும் 8 முதல் 14 வோல்ட்டுக்குள் நிற்கும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் கேபிள் ஷார்ட். மின்வழங்கலின் முழு அளவுக்கு ஏறி நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த எச்சரிக்கை இல்லாத கருவியில், அறுந்த கேபிளோடு நாள் முழுவதும் சுற்றி, எல்லா இயந்திரமும் நலம் என்று அறிக்கை கொடுத்துவிட முடியும்.

எத்தனை சேனல் என்ற கேள்விக்கு, வழித்தட அளவீடு, அதாவது வரிசையாக இயந்திரங்களைச் சுற்றி வந்து அளப்பது, மட்டும் போதுமென்றால் ஒன்று. காரணம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு என்பது என் பதில். சமநிலைக் குறைவு, வளைந்த ஷாஃப்ட், தளர்ந்த அடித்தளம், ஒத்ததிர்வு ஆகிய நான்குமே சுழற்சி அதிர்வெண்ணில் உச்சம் காட்டக்கூடியவை. ஸ்பெக்ட்ரத்தை மட்டும் பார்த்து அவற்றைப் பிரிக்க இயலாது. கட்டத்தை, அதாவது ஒரு புள்ளியின் அசைவு இன்னொரு புள்ளியோடு எவ்வளவு முன்பின்னாக இருக்கிறது என்பதை, அளந்தாக வேண்டும். இரண்டு சேனல் இருந்தால் கப்ளிங்கின் இருபுறமும் ஒரே நேரத்தில் சென்சார் வைத்து இதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஃபேன் ரோட்டரை அதன் இடத்திலேயே இருதளப் பேலன்சிங் செய்யவும், சுத்தியலால் தட்டி இயல் அதிர்வெண் கண்டறியவும் இதே சேனல்கள் உதவும். பேலன்சிங் மென்பொருளையும் ஒளிவழி டேக்கோமீட்டரையும் தனி விலைக்கு விற்பது வழக்கம் என்பதால் அவற்றின் விலையை ஒப்பீட்டுக்குள் கொண்டுவாருங்கள். நான்கு சேனல் பற்றி எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஸ்லீவ் பேரிங் உள்ள டர்பைன் போன்ற பெரிய இயந்திரத்தின் நிலையான ப்ரோப்களிலிருந்து சமிக்ஞை எடுக்கும் தேவை இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கலாம்.

இனி மென்பொருள். கருவி உழைப்பது ஏழெட்டு ஆண்டுகள். அது திரட்டும் தரவு அதைவிட நீண்ட காலம் வாழ வேண்டியது. ஓர் ஆலையில் பல ஆண்டு அளவீடுகள் கணினியில் பத்திரமாக இருந்தும், உரிமச் சந்தா புதுப்பிக்கப்படாததால் அவற்றைத் திறக்கக்கூட முடியாமல், பழைய அறிக்கைகளின் அச்சுப் பிரதிகளைப் புரட்டிக்கொண்டு உட்கார நேர்ந்தது. விற்றவர் ஒப்பந்தத்தை மீறவில்லை. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனவே கேள்விகளை முன்னரே எழுதிவிடுங்கள். உரிமம் நிரந்தரமானதா, ஆண்டுக்கு ஆண்டு கட்ட வேண்டியதா? சந்தா நின்றால் பழைய தரவைப் படிக்கவாவது முடியுமா? எத்தனை கணினிகளில் நிறுவலாம்? ஸ்பெக்ட்ரத்தையும் அலைவடிவத்தையும் சி.எஸ்.வி., யூ.எஃப்.எஃப். 58 போன்ற பொது வடிவங்களில் மொத்தமாக வெளியே எடுக்கலாமா, அல்லது திரைப்பிடிப்பாக ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டுமா? தரவு மேகச் சேமிப்பில்தான் இருக்கும் என்றால் உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவு அதற்கு இசையுமா? தற்போதுள்ள பழைய கருவியின் தரவைப் புதிய மென்பொருளுக்குள் கொண்டுவரும் பொறுப்பு யாருடையது? கடைசிக் கேள்விக்கு "முடியும்" என்று எல்லாரும் சொல்வார்கள். உங்கள் தரவுத்தளத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து, மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அலகுகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. டெண்டரில் "வினாடிக்கு மில்லிமீட்டர்" என்று மட்டும் எழுதினால், அது ஆர்.எம்.எஸ். மதிப்பா, உச்ச மதிப்பா என்ற கேள்வி எழும். தூய சைன் அலையில் 4.5 ஆர்.எம்.எஸ். என்பது 6.4 உச்சத்துக்குச் சமம். ஒரே இயந்திரம் ஒரு கருவியில் எல்லைக்குள்ளும் இன்னொரு கருவியில் எல்லைக்கு வெளியிலும் நிற்க இந்தக் குழப்பமே போதும். சில கருவிகள் ஆர்.எம்.எஸ். மதிப்பை 1.414ஆல் பெருக்கி உச்சம் என்று காட்டும். சில உண்மையான உச்சத்தை அலைவடிவத்திலிருந்து எடுக்கும். மோதல் மிகுந்த சமிக்ஞையில் இவ்விரண்டும் வெகுவாக வேறுபடும்.

தீப்பிடிக்கும் வாயு உலவும் பகுதிகள் உள்ள ஆலையினர் கருவி வெடிப்பை உண்டாக்காது என்பதற்கான ஏ.டி.இ.எக்ஸ். அல்லது ஐ.இ.சி.இ.எக்ஸ். சான்று கேட்பது வழக்கம். எந்த மண்டலத்துக்கு, எந்த வாயுப் பிரிவுக்கு என்பதை எழுத மறக்கிறார்கள். கருவிக்கு மட்டும் சான்று இருந்தால் போதாது. அதனுடன் இணையும் சென்சார், கேபிள், டேக்கோமீட்டர் ஆகியவையும் சேர்ந்து அந்தப் பகுதிக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பகுதியே இல்லாத ஆலை இந்தச் சான்றைக் கேட்பது வீண் செலவு.

கையில் பிடிப்பவரின் வசதியை "இதர" என்ற தலைப்பில் கடைசியில் தள்ளிவிடுகிறோம். இரும்பு ஏணியில் ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் மேக்னெட்டை வைத்து, கையுறை அணிந்த விரலால் பொத்தானை அழுத்த வேண்டிய இடங்கள் எந்த ஆலையிலும் உண்டு. தொடுதிரை மட்டும் உள்ள கருவி அங்கே தொல்லை. உச்சி வெயிலில் திரை தெரியாவிட்டால் அளவீடு சரியாக விழுந்ததா என்று அறிய நிழலைத் தேடி ஓட வேண்டும். எடை, தோளில் மாட்டும் பட்டை, ஒரு வேலைநேரம் முழுவதும் தாங்கும் பேட்டரி, அதைக் களத்திலேயே மாற்றும் வசதி, ஐ.பி.65 அளவிலான தூசி நீர்த் தடுப்பு ஆகியவற்றைக் காகிதத்தில் மதிப்பிட இயலாது. இயந்திரக்கூடத்தில் நாள் முழுவதும் அதைச் சுமந்து திரியப்போகும் பணியாளரிடம் கொடுத்து ஒரு சுற்று போய்வரச் சொல்லி, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

செயல்விளக்கத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். விற்பனையாளர் தம் பெட்டியிலிருந்து சிறிய மாதிரி மோட்டாரை எடுத்து, அதில் தாமே திருகிய ஒரு போல்ட்டால் சமநிலையைக் கெடுத்து, மாநாட்டு அறை மேசையில் காட்டும் அழகிய ஸ்பெக்ட்ரத்தை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆலையில் பழுது என்று ஏற்கெனவே தெரிந்த ஓர் இயந்திரம், மெதுவாகச் சுழலும் ஓர் இயந்திரம், வேகத்தை மாற்றும் மின்னணுச் சாதனமான வி.எஃப்.டி. மூலம் ஓடும் ஒரு மோட்டார் ஆகிய மூன்றையும் காட்டி அளக்கச் சொல்லுங்கள். வி.எஃப்.டி.யின் மின் இரைச்சல் எந்தக் கருவியின் கேபிளுக்குள் நுழைகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். அதற்கு முன், தெரிந்த அளவில் அதிரும் கையடக்க அளவுத்திருத்த ஆட்டி ஒன்றில் சென்சாரைப் பொருத்திப் பாருங்கள். அவை வழக்கமாக 159.2 ஹெர்ட்ஸில் இயங்குகின்றன. இந்த அதிர்வெண்ணில் கோணத் திசைவேகம் வினாடிக்கு 1,000 ரேடியன் என்பதால், ஆர்.எம்.எஸ். முடுக்கம் 10 மீட்டர்/வினாடி² என்றால், திசைவேகம் வினாடிக்கு 10 மில்லிமீட்டர், இடப்பெயர்ச்சி 10 மைக்ரான் என்று மூன்றும் ஒரே எண்ணில் நிற்கும். உச்சத்துக்கு மாற்றினால் 14.1, உச்சத்திலிருந்து உச்சம் வரை என்றால் 28.3. கருவி இந்த எண்களைக் காட்டுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அமைப்பு முழுவதும் சரியாக இருக்கிறதா, அலகு மாற்றம் நேர்மையாக நடக்கிறதா என்ற இரண்டையும் இந்த ஒரே சோதனை காட்டிவிடும். அளவுத்திருத்தச் சான்றிதழ் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 ஏற்பு பெற்ற ஆய்வகத்திலிருந்து வருகிறதா, சான்றிதழ் கருவிக்கு மட்டுமா சென்சாருக்கும் சேர்த்தா, அடுத்த ஆண்டு அதைப் புதுப்பிக்கக் கருவியை எத்தனை நாள் பிரிந்திருக்க வேண்டும் என்பனவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம்.

குறைந்த விலை கேட்டவருக்கே ஆணை என்ற விதி உங்களைக் கட்டியிருக்கலாம் என்பதை அறிவேன். அவ்விதிக்குள்ளும் இடமிருக்கிறது. மேற்சொன்ன களச் சோதனைகளைத் தேர்ச்சி நிபந்தனையாக வைத்து, தேறியவர்களின் விலையை மட்டும் திறக்கலாம். விலை என்பதைக் கருவியின் விலையாக மட்டும் கொள்ளாமல், சென்சார், மாற்றுக் கேபிள்கள், மென்பொருள் உரிமம், ஐந்தாண்டு அளவுத்திருத்தம், பயிற்சி அனைத்தும் சேர்ந்த தொகையாகக் கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது மலிவானது என்று தோன்றிய கருவி பட்டியலில் இடம் மாறுவது உண்டு. மாறாமல் அதுவே வெல்வதும் உண்டு. வென்றால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள்.

பயிற்சி என்று நான் சொல்வது, விற்பனையாளர் வந்து பொத்தான்களை அறிமுகப்படுத்தும் அந்த ஒரு பிற்பகலை அன்று. அதிர்வுப் பகுப்பாய்வாளர்களின் தகுதியை ஐ.எஸ்.ஓ. 18436-2 நான்கு பிரிவுகளாக வகுத்திருக்கிறது. வழித்தட அளவீட்டுக்கு முதல் பிரிவும், பொதுவான பழுதுகளை ஸ்பெக்ட்ரத்தில் அறிந்து சொல்ல இரண்டாம் பிரிவும் தேவை. கருவியை இயக்கப்போகும் ஒருவரையாவது இரண்டாம் பிரிவுச் சான்று வரை அனுப்பும் செலவை இதே திட்ட மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் அது கிடைப்பதில்லை. தானாகவே பழுதைச் சொல்லும் மென்பொருள் இருக்கும்போது ஆள் எதற்கு என்று விளம்பரம் கேட்கும். அத்தகைய மென்பொருள் பயனுள்ளதுதான். எனினும் பேரிங் எண்ணும் பற்களின் எண்ணிக்கையும் உண்மையான சுழற்சி வேகமும் சரியாக உள்ளிடப்பட்டால் மட்டுமே அதன் பதில் சரியாக இருக்கும். அவற்றை உள்ளிடுபவர் ஆள்தான்.

இந்த மடலை முன்னிட்டு உங்களிடம் நான் வேண்டுவது செயலளவில் மிகச் சிறியது. தயாராகிக்கொண்டிருக்கும் விவரக்குறிப்பின் வரைவை, வெளியிடும் முன்னர், இயந்திரங்களை இப்போது அளந்துவரும் பணியாளரிடமும் பராமரிப்புப் பொறியாளரிடமும் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, எந்த இயந்திரத்துக்காக, எந்தப் பழுதுக்காக அந்த வரி வேண்டும் என்று அவர்கள் கைப்பட எழுதட்டும். எதிரே எதுவும் எழுத முடியாத வரியை நீக்கிவிடுங்கள். பட்டியலில் இருந்தும் எந்த வரியிலும் இடம்பெறாத இயந்திரம் ஏதேனும் இருந்தால், அதற்கான வரியைச் சேர்த்த பிறகு டெண்டரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அதிர்வுப் பகுப்பாய்வாளர்